என் பெயரில் இருந்த வியாதிகள்

எனக்கு ஏழு வருடமாகச் சர்க்கரை வியாதி இருந்தது எனக்கே தெரியாது. ரத்தக் கொதிப்பும் உண்டாம். நான்கு மாதத்துக்கு முன்னால் நெஞ்சு வலி வேறு வந்திருக்கிறது. எழுபது வயதாக இன்னும் பத்தொன்பது நாள் இருந்த ஒரு காலையில், ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் இதையெல்லாம் எனக்குப் படித்துக் காட்டினாள். சாப்பிடாமல் வரச் சொல்லியிருந்தார்கள். வெறும் வயிற்றில் கேட்டதால் செய்தி நன்றாகவே இறங்கியது.

நான் அங்கே போனது இன்சூரன்ஸுக்காக. மகள் பிரான்சில் இருக்கிறாள். மாப்பிள்ளை சொல்தா வீட்டுப் பிள்ளை. அதாவது தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, பிரெஞ்சுக் குடியுரிமையோடு பென்ஷன் வாங்கிய குடும்பம். எங்கள் புதுச்சேரியில் அப்படிப்பட்ட வீட்டை இன்றைக்கும் அப்படித்தான் சொல்வோம். பேரன் பிறந்தபோது உதவிக்கென்று போன என் மனைவி, ஆறு மாதத்தில் வருவதாகச் சொல்லிவிட்டு ஒன்றரை வருடமாக அங்கேயே இருந்தாள். போகும்போது என்னையும் கூப்பிட்டாள். குளிர் ஆகாது, பாஷை தெரியாது, எனக்கு இங்கே வேலை இருக்கிறது என்று மூன்று காரணம் சொன்னேன். மூன்றாவது காரணத்தைக் கேட்டு அவள் சிரித்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. எனக்கு என்ன வேலை இருந்தது என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை.

முதல் மூன்று மாதம் ராஜா மாதிரி இருந்தேன். நினைத்தபோது எழுந்தேன், நினைத்ததைச் சாப்பிட்டேன். அப்புறம் சாம்பார் வைத்தால் அதையே மூன்று நாள் சாப்பிட வேண்டியிருந்தது. தினமும் மத்தியானம் போன் வரும். அங்கே அப்போதுதான் காலை. அவள் பேரனுக்குப் பால் கலக்கிக்கொண்டே பேசுவாள். பேசி முடித்து வைத்ததும் வீடு பொத்தென்று அமைதியாகிவிடும். நாற்பத்திரண்டு வருடம் ஒருத்தியோடு சண்டை போட்டு வாழ்ந்தவனுக்குச் சண்டை இல்லாத வீடு சுடுகாடு. எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை. இதைச் சொல்ல ஒரு வருடம் வெட்கப்பட்டேன். ஒரு நாள் போனிலேயே, "நானும் வந்துடறேன்" என்றேன். அந்தப் பக்கம் ஸ்பூன் சத்தம் நின்றது. "நெசமாவாங்க?" என்றாள்.

வந்து போவது வேறு, அங்கேயே தங்குவது வேறு. நீண்ட நாள் விசாவுக்கு ஒரு வருட வைத்தியச் செலவை ஏற்கும் இன்சூரன்ஸ் பத்திரம் வைத்தே ஆக வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் ஏஜெண்ட் அம்மா இருந்தார். என் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும், "ஏன் சார் இவ்ளோ லேட்டா வர்றீங்க?" என்றார்.

"ஒண்ணரை வருஷமா யோசிச்சேன்" என்றேன்.

"உங்க வயசுக்கு மத்த கம்பெனிங்க எல்லாம் அறுபத்தஞ்சோடவே கதவ மூடிட்டாங்க. இந்த ஒரு கம்பெனிதான் எழுபது வரைக்கும் எடுக்குது. எழுபது ஆயிடுச்சுன்னா இவங்களும் புதுசா சேக்க மாட்டாங்க. அதுவும் வியாதி எதுவும் இருக்கக் கூடாது."

வியாதி என்றதும் எனக்கு ஒரு திமிர் வந்தது. ஐம்பது வயதுவரை சைக்கிளில் வேலைக்குப் போனவன் நான். விண்ணப்பத்தில் சர்க்கரை, கொதிப்பு, இதயம், சிறுநீரகம் என்று ஒரு பக்கம் முழுக்கக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று சதுரத்துக்குள் டிக் போட்டேன். கர்ப்பமா என்ற கேள்விக்கும் அதே வேகத்தில் போட்டேன். பரீட்சையில் எல்லாப் பதிலும் தெரிந்த பையன் எழுதுவது போல எழுதினேன் என்று ஏஜெண்ட் அம்மா பிற்பாடு சொல்லிச் சிரித்தார்.

அந்தத் திமிரோடுதான் ரத்தம் கொடுக்கப் போனேன். பரிசோதனை நிலையத்துப் பெண் போன் நம்பர் கேட்டாள். ஒரு ஓ.டி.பி. வந்தது, சொன்னேன். "உங்க ஹெல்த் ஐடி லிங்க் ஆயிருக்கு சார், பழைய ரெக்கார்டு எல்லாம் வருது" என்றாள். எனக்கு எங்கே பழைய ரெக்கார்டு என்று எட்டிப் பார்த்தேன். என் பெயர், என் பிறந்த தேதி, என் ஆதார் படம். அதன் கீழே ஏழு வருடம் மாதாமாதம் வாங்கிய மாத்திரைகள். கடைசியாக நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு வரி: நெஞ்சு வலி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படுகிறது.

"இது நான் இல்ல" என்றேன்.

"உங்க போட்டோதான சார்?"

ஆதாரில் இருக்கும் முகம் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். ஆனால் அந்த நொடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த வியாதியெல்லாம் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

இங்கே எங்கள் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகரத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. தெரு முனையோடு புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடும். கோடு ஒன்றும் கிடையாது. ஒரு டிரான்ஸ்பார்மர், ஒரு சாக்கடை, அவ்வளவுதான். என் கூட்டாளி வீடு சாக்கடைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். தொழிற்சாலையில் என்னோடு இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவன். மெஷின் ஓட்டினான். அவன் தூங்குவது தமிழ்நாட்டில், டீ குடிப்பது, முடி வெட்டிக்கொள்வது, வம்பு பேசுவது எல்லாம் புதுச்சேரியில். ஓட்டு மட்டும் அங்கே போடுவான்.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் டீக்கடையில் நிற்கும்போது அவனுக்குத் தலை சுற்றியது. எங்கள் தெருவிலேயே அரசாங்க சுகாதார நிலையம் இருக்கிறது. கையைப் பிடித்து அழைத்துப் போனேன். நர்ஸ் ஆதார் கேட்டார். இவன் ஆதாரில் தமிழ்நாட்டு விலாசம். வேறு மாநிலம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கு ஒரு பயம். யாரும் அப்படிச் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டேன். எல்லையோரத்துக்காரர்களுக்கு இது பிறவிப் புத்தி. ரேஷன் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் "நீ எந்தப் பக்கம்?" என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டு, கேட்பதற்கு முன்னாலேயே பதிலைத் தயாராக வைத்திருப்போம். சட்டைப் பையிலிருந்த என் ஆதாரை நீட்டினேன். என் பெயரில் நோட்டு போட்டார்கள். அவனுக்குச் சர்க்கரையும் கொதிப்பும் இருந்தது. மாத்திரை கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் அவனே அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போனான். அதற்கடுத்த மாதமும் போனான். எழுதியதை மாற்றுவானேன் என்று இருவரும் விட்டுவிட்டோம். அப்புறம் அது பழகிவிட்டது. மூன்று வருடம் முன்பு ஒரு காலை போன் செய்து, "டேய், ஆஸ்பத்திரில நோட்ட கம்ப்யூட்டர்ல ஏத்துறாங்க, உன் போனுக்கு ஒரு நம்பர் வந்துருக்கும், சொல்லு" என்றான். தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். சொன்னேன். ஊரே ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதே என்று கத்திக்கொண்டிருந்தது. நான் வங்கிக்காரன் கேட்டால்தான் சொல்லக் கூடாது என்று நினைத்திருந்தேன்.

நான்கே நாளில் கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. ரத்தம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் பதிவேட்டில் நோய் இருக்கிறது, விண்ணப்பத்தில் இல்லை என்று இருக்கிறது. வைத்தியம் பார்த்த டாக்டர் விளக்கக் கடிதம் தர வேண்டும். ஏஜெண்ட் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "மறைச்சிருந்தீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க சார். அங்க போய் ஆஸ்பத்திரில படுத்தப்புறம் தெரிஞ்சா ஒரு பைசா வராது. பதினஞ்சு நாள் இருக்கு. லெட்டர் வாங்கிட்டு வாங்க."

மறுநாள் சுகாதார நிலையத்துக்குப் போனேன். தெருவிலேயே இருந்தும் நான் உள்ளே கால் வைத்து ஏழு வருடம் ஆகியிருந்தது. நர்ஸ் மாறவில்லை. என் பெயரைச் சொல்லி, அந்த நோட்டு விஷயமாக வந்தேன் என்றேன்.

"நீங்க யாரு?" என்றார்.

எப்படிச் சொல்வது?

"அவர எங்களுக்கு நல்லாத் தெரியும். உயரமா, ஒல்லியா, வெத்தல போட்டுக்குனு வருவாரே. பொங்கலுக்கு எங்க எல்லாருக்கும் கரும்பு கொண்டாந்து குடுத்தாரு. நீங்க அவருக்கு இன்னா வேணும்?"

என் பெயரில் அவன் நல்ல பேர் வாங்கி வைத்திருந்தான். நான் கூட அவ்வளவு வாங்கியதில்லை. வாயில் நின்ற உண்மையை விழுங்கிவிட்டு, "கூட்டாளி" என்றேன்.

நர்ஸின் முகம் மாறியது. "கூட்டாளின்னா நீங்களாவது சொல்லக் கூடாதாய்யா? நாலு மாசமா டாக்டரம்மா தலையில அடிச்சிக்குறாங்க. நெஞ்சுல பிரச்சன இருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. போகவே இல்ல. கேட்டா போறேன் போறேன்றாரு. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. என்னைக்காவது ஒரு நாள் ரோட்டுல விழப் போறாரு."

அவன் எனக்குச் சொல்லவில்லை. தினமும் இரண்டு வேளை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம். இன்சூரன்ஸ், விசா, குளிருக்கு வாங்க வேண்டிய கோட்டு என்று என் புராணத்தையே பாடிக்கொண்டிருந்தேன். அவன் "உம்" கொட்டிக்கொண்டிருந்தான். அவன் நெஞ்சைப் பற்றி நான் கம்ப்யூட்டரில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பார்த்த பிறகும், என் பத்திரக் கவலையில், ஐந்து நாள் அவனிடம் கேட்கவில்லை.

நேராக டீக்கடைக்குப் போனேன். பெஞ்சில் இருந்தான். எனக்கு வந்த கோபத்தில் உட்காரக்கூட இல்லை.

"உனக்கு நெஞ்சு வலி வந்து நாலு மாசம் ஆவுதாமே?"

டீ கிளாஸைக் கீழே வைத்தான். "யாரு சொன்னா?"

"எனக்கு வந்துருக்குன்னு இன்சூரன்ஸ்காரன் சொன்னான். ஏண்டா போவல?"

சாக்கடைப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான். "போனா படுக்க வெப்பாங்கபா. சீட்டு உன் பேருல கீது. உன் பேருல படுத்து நான் செத்துப் போயிட்டேன்னு வெய்யி, உன் பேருலதான் சர்டிபிகேட் குடுப்பான். அப்புறம் நீ பாஸ்போர்ட்ட வெச்சுக்குனு எங்க போவ? செத்தவனுக்கு எவன் விசா குடுப்பான்?"

"உன் பேருல புதுசா போயிருக்கலாமே?"

"பழைய நோட்டு எங்கன்னு கேப்பாங்க. எடுத்தா நீ மாட்டுவ. அரசாங்கத்த ஏமாத்துனவனுக்கு வெளிநாடு கெடையாதுன்னு நம்ம சலூன்காரன் சொன்னான்." அவன் என்னைப் பார்க்காமலே பேசினான். "உன் சம்சாரம் அங்க தனியா கீது. நீ இங்க பேய் மாதிரி சுத்துற. நீ ஏரோப்ளேன் ஏறிடு. அடுத்த நாளே என் பேருல போய்ப் படுத்துக்கலாம்னு இருந்தேன். இன்னும் ரெண்டு மூணு மாசந்தான?"

எனக்கு அழுகை வந்தது. டீக்கடையில் நின்று அழுதேன் என்று எழுத ஒன்றும் வெட்கமில்லை. உடனே அவனைத் திட்டினேன். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடைக்காரர் பாய்லரை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார். ஆழம் தெரியாமல் காலை விட்டது நான். ஆதாரை நீட்டியவன் நான். அதற்கு அவன் நான்கு மாதமாக உயிரைப் பணயம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

மறுநாள் வரை எல்லாம் காத்திருக்கவில்லை. அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, ஏழு வருடத்துக்கு முன் போன மாதிரியே அந்த நாற்பது தப்படியும் நடந்தோம். இந்த முறை அவன் வீட்டுக்குப் போன் செய்து அவன் ஆதாரையும் எடுத்துவரச் சொன்னேன். அவன் மகளே அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எங்களோடு வந்தாள்.

டாக்டர் என் மகள் வயதுப் பெண். நான்தான் பேசினேன். ஒன்றையும் மறைக்கவில்லை. பயந்து ஆதாரைக் கொடுத்தது, ஓ.டி.பி., இன்சூரன்ஸ், கடிதம், எல்லாம். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

டாக்டர் திட்ட ஆரம்பித்தார். "நீங்க ரெண்டு பேரும் பெரியவங்க. உங்களுக்கு ஏதாவது ஆகி, மயக்கத்துல கொண்டாந்திருந்தா, அவருக்குக் குடுக்க வேண்டிய மருந்த உங்களுக்குக் குடுத்திருப்பாங்க. தெரியுமா? வெளயாட்டா இது?" என்னைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சத்தமாக, "அந்தப் பக்கமா இந்தப் பக்கமான்னு நான் எப்பவாவது கேட்டனா? யாரு வந்தாலும் மாத்திர குடுப்போமே, சார்" என்றார்.

யாரு வந்தாலும் குடுப்போமே. ஏழு வருடத்துக்கு முன்னால் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். தும்பை விட்டு வாலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திட்டிக்கொண்டே டாக்டர் அவனைப் படுக்க வைத்து ஈ.சி.ஜி. எடுத்தார். காகிதம் வெளியே வர வர அவர் திட்டுவது நின்றுவிட்டது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். சீட்டில் அவன் பெயரை எழுதினார். அவன் படுத்தபடியே என்னைப் பார்த்து, "உன் லெட்டரு?" என்றான். "வாய மூடு" என்றேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தான். இரண்டு ரத்தக்குழாய் அடைத்திருந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். பகலில் நான் இருந்தேன். அவன் மகள் வேலைக்குப் போய்விட்டு மாலையில் வந்து என்னை அனுப்பிவைப்பாள். வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போது ஏஜெண்ட் அம்மா போன் செய்தார். "சார், பத்து நாள்தான் இருக்கு, லெட்டர் என்னாச்சு?" உள்ளே அவனை அப்போதுதான் தள்ளுவண்டியில் கொண்டுபோயிருந்தார்கள். அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், வைத்த பிறகு ஒரு நிமிடம் நினைத்தேன்: அந்தக் கடிதத்தை முதலிலேயே கேட்டு வாங்கியிருக்கலாமே என்று. அப்படி நினைத்ததற்காக இரண்டு நாள் என்னோடு நானே பேசவில்லை.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுபது தாண்டிவிட்டால் இந்தக் கம்பெனியும் கிடையாது, நான் வர முடியாமலே போகலாம் என்றும் சொன்னேன். அவள் நன்றாகத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். காது குளிரக் கேட்கலாம் என்று ஒரு ஆசையும் இருந்தது.

"அந்தண்ணன் எப்படி இருக்குது இப்போ?" என்றாள்.

"கண்ணத் தொறந்துட்டான். வெத்தல கேக்குறான்."

"அப்புறம் இன்னா. நீங்க வர்றப்ப வாங்க. வரலன்னா நான் வர்றேன். கொழந்த ஓட ஆரம்பிச்சுட்டான்." போனை வைக்கப் போகும்போது, "ஆனா வரப் பாருங்க" என்றாள். அவளுக்கும் அங்கே சண்டை போட ஆளில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது சுகாதார நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். டாக்டர் கடிதத்தை எழுதி வைத்திருந்தார். இன்னார் பெயரில் இருந்த பதிவு வேறொருவருடையது, தவறுதலாகச் சேர்ந்துவிட்டது, இரண்டும் பிரிக்கப்பட்டன, நானே இவரைப் பரிசோதித்தேன், இந்த நோய்கள் இவருக்கு இல்லை. கீழே கையெழுத்து, முத்திரை. அதற்காக மேலிடத்துக்கு நான்கு தடவை போன் செய்திருக்கிறார் என்று நர்ஸ் சொன்னார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. என் மகள் வயது என்பதால் விழவில்லை.

"உங்களுக்கும் சர்க்கரை ஓரத்துலதான் நிக்குது. போற எடத்துல இனிப்பக் கொறைங்க" என்று மட்டும் சொன்னார். ஓரத்தில் நிற்பது எங்களுக்குப் பழக்கம்தான் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

கடிதம் போன அன்று ஒன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காலை ஏஜெண்ட் அம்மா கம்பெனிக்குப் போன் போட்டுப் போட்டுத் தொண்டை கட்டிக்கொண்டார். நான் எதிரே உட்கார்ந்து சுவரிலிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் எனக்கு எழுபது. மத்தியானம் சாப்பிடக்கூடப் போகவில்லை. மூன்றரை மணிக்கு அவர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். பத்திரம். என் பெயர். அதன் கீழே 'ஏற்கெனவே உள்ள நோய்' என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்தது. முதல் தடவை அந்த வார்த்தைக்கு நானே டிக் போட்டபோது திமிர்தான் இருந்தது. இப்போது படித்தபோது முதுகிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது. மாடிப்படி இறங்கியதும் முதல் வேலையாக ஒரு ஜிலேபி வாங்கித் தின்றேன். டாக்டர் மன்னிக்கட்டும். நாளையிலிருந்து என்று சொல்லிக்கொண்டேன்.

மனைவிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவளிடமிருந்து வார்த்தை ஒன்றும் வரவில்லை. பேரனுடைய கம்பளிக் குல்லாயை, அதே நிறத்தில் பெரியவர்களுக்கான இன்னொரு குல்லாயோடு சேர்த்து வைத்து ஒரு படம் அனுப்பியிருந்தாள். எப்போதோ வாங்கி வைத்திருக்கிறாள்.

விசா கிடைத்து, நான் கிளம்புவதற்கு முந்தைய வாரம் அவனோடு சுகாதார நிலையத்துக்குப் போனேன். அவனுக்கு மாத்திரை வாங்கும் நாள். இளைத்திருந்தான். ஆனால் மூச்சு வாங்காமல் நடந்தான். கையில் புது நோட்டு, அட்டையில் அவன் பெயர், அவன் வீட்டு விலாசம், தமிழ்நாடு. பெஞ்சில் பத்துப் பேருக்கு நடுவே உட்கார்ந்தோம்.

நர்ஸ் ஒரு பெயரைக் கூப்பிட்டார். அவன் பெயர்தான். அவன் சுவரிலிருந்த கொசு விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தான். மறுபடியும் கூப்பிட்டார். அசையவில்லை. ஏழு வருடமாக அந்த அறையில் என் பெயருக்குத்தான் எழுந்து பழக்கம்.

"டேய், உன்னத்தான்" என்று விலாவில் இடித்தேன்.

திடுக்கிட்டு எழுந்தான். நர்ஸும் நானும் சிரித்தோம். போய் மாத்திரைகளை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தான். சர்க்கரைக்கு ஒன்று, கொதிப்புக்கு ஒன்று, நெஞ்சுக்கு இரண்டு. உட்காராமல் என் முன்னால் நின்று அந்த அட்டைகளை ஒவ்வொன்றாக என்னிடம் காட்டினான்.

"உன்கிட்ட வெச்சிருந்ததெல்லாம் திருப்பி வாங்கிக்குனேன்பா" என்றான். "உன் பேருல இனிமே ஒண்ணுமில்ல. பத்திரமா போய்ச் சேரு."

அவன் கையிலிருந்த நோட்டை வாங்கி, அட்டையில் அவன் பெயரை ஒரு தடவை படித்துவிட்டு, அவன் சட்டைப் பையிலேயே வைத்தேன்.